புண்ணுக்குக் கட்டும் துணியும் இன்ஷூரன்ஸும்

நீரிழிவினால் காலில் உண்டாகும் புண் விஷயத்தில் இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் அனுசரித்துவரும் முறை விபரீதமானது. புண் முற்றிப் பாதத்தை வெட்டியெடுக்க நேர்ந்தால், பாலிசியின் நிபந்தனைகளுக்குட்பட்டு ஆஸ்பத்திரிச் செலவு கிடைக்கும். அந்தக் காலைக் காப்பாற்றும் பொருட்டு மாதக்கணக்காக வீட்டிலிருந்து கட்டு மாற்றிக்கொள்பவருக்கோ கட்டுத் துணியின் கிரயங்கூட அநேகமாகக் கிடைப்பதில்லை. இந்தியாவில் சுமார் 10 கோடிப் பேருக்கு நீரிழிவு உண்டென்று 2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்ஸிலின் ஆராய்ச்சி கூறுகிறது. ஆகவே இதை அற்ப விஷயமென்று தள்ளிவிட முடியாது.

2020-ல் இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் சில ஜாபிதாக்களை வெளியிட்டது. பஞ்சு, காஸ் துணி, ஒட்டுப் பட்டை முதலியன சிகிச்சைக் கட்டணத்திலேயே அடங்கியவை என்றது ஒரு ஜாபிதா. கிரேப் பாண்டேஜ், கையுறை, தனி நர்ஸின் ஊதியம் ஆகியவற்றைப் பாலிசியில் விசேஷமாகச் சேர்த்தாலொழியக் கொடுக்க வேண்டியதில்லை என்றது மற்றொன்று. ஆஸ்பத்திரிகள் பஞ்சுக்கொரு பில், துணிக்கொரு பில் என்று போடுவதைத் தடுக்க முதல் ஜாபிதா உதவும். அதை நாம் குறை கூறவில்லை. ஆனால் வீட்டில் மனைவியோ மகளோ கட்டும் கட்டுக்குச் சிகிச்சைக் கட்டணம் ஏது? இல்லாத கட்டணத்துக்குள் துணியை எப்படி அடக்குவது?

வீட்டுச் சிகிச்சைக்கென்று பாலிசிகளில் ஒரு ஷரத்து இருப்பது மெய்யே. நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக இயலாதிருக்க வேண்டும், அல்லது அங்கே இடம் கிடைக்காதிருக்க வேண்டும். கோலூன்றி நடக்கிறவர் இதில் சேரமாட்டார். ஆஸ்பத்திரியை விட்டு வந்த பிறகு ஆகும் செலவைக் கேட்கலாம். அதற்கும் பெரும்பாலும் 60 அல்லது 90 நாள்தான் கெடு. அதற்குள் ஆறிவிட வேண்டுமென்று புண்ணுக்கும் நோட்டீஸ் அனுப்புவார்கள் போலும்!

நேயர்கள் ஒன்று செய்யலாம். எவ்விதக் கட்டு, வாரத்துக்கு எத்தனை முறை, எத்தனை வாரம் என்பதை டிஸ்சார்ஜ் சீட்டிலேயே டாக்டரைக் கொண்டு எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். பில்களைப் பத்திரப்படுத்த வேண்டும். கம்பெனி மறுத்தால், எந்த ஷரத்தின்படி மறுக்கிறதென்று எழுத்து மூலமாகக் கேட்க வேண்டும். கம்பெனியிடம் முறையிட்டு ஒரு மாதமாகியும் பரிகாரமில்லையேல் இன்ஷூரன்ஸ் ஆம்பட்ஸ்மனிடம் போகலாம். அங்கே கட்டணமில்லை, அவர் அளிக்கும் தீர்ப்பு கம்பெனியைக் கட்டுப்படுத்தும். சொற்பத் தொகைதானே என்று பலர் விட்டுவிடுகிறார்கள். கம்பெனிகளுக்கு அதுவே சௌகரியம்.

ரொக்கமில்லாச் சிகிச்சைக்கான மனுவுக்கு ஒரு மணி நேரத்தில் முடிவு கூற வேண்டுமென்று 2024-ல் ஆணையம் உத்தரவிட்டது. ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவருக்குக் காட்டிய இந்தக் கரிசனத்தை வீட்டிலிருப்பவருக்கும் காட்டும்படி கேட்கிறோம். டாக்டர் எழுதிக் கொடுத்த கட்டுப் பொருள்களை, புண் ஆறும் வரையில், மருந்தாகவே பாவிக்க வேண்டும். பொது இன்ஷூரன்ஸ் கம்பெனிகளில் நான்கு, சர்க்காருக்குச் சொந்தமானவை. அவற்றில் ஒன்றின் தலைமைக் காரியாலயம் சென்னையிலேயே இருக்கிறது. தனியார் கம்பெனிகள் முந்தட்டுமென்று அவை காத்திருப்பதற்கு நியாயமில்லை.