கூரையில் முட்டும் காடை, பொரிக்காத முட்டை

விருதுநகர் மாவட்டம் விஸ்வநத்தத்தில் இருந்து, பட்டாசு ஆலை வேலைக்குப் போகும் வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். வீட்டுக்குப் பின்னால் வேப்பமர நிழலில் கம்பிவலை அடைத்து 80 ஜப்பானியக் காடைகள் வளர்க்கிறார். தீபாவளி முடிந்து ஆலை மூடிக் கிடக்கும் நாள்களில் கைச்செலவுக்கு அதுதான் துணை. ராத்திரி வெடிச் சத்தம் கேட்டால், காலையில் நாலைந்து காடைகள் தலை உடைந்து கிடக்கின்றனவாம். கூலி கொடுத்துப் பொரிக்க வைக்கும் முட்டையில் பாதிகூட குஞ்சாவதில்லை. மகளிர் குழுவில் கடன் வாங்கி 500 காடையாகப் பெருக்கினால் இந்த நஷ்டம் ஈடாகுமா என்பது அவருடைய கேள்வி.

ஆகாது. 80 காடையில் இருக்கும் குறை 500-ல் ஆறு மடங்காகும். கடன் கொஞ்சம் பொறுக்கட்டும். முதலில் கொட்டகையையும் முட்டையையும் பார்க்கலாம். இரண்டுக்கும் பெரிய செலவில்லை.

பயந்த கோழி ஓடும். பயந்த காடை நேராக மேலே எம்பும். கூண்டு ஓரடி உயரமே இருந்தால் எம்ப வேகம் கிடைக்காது. ஆறடிக்கு மேல் இருந்தால் கூரையைத் தொடுவதற்குள் வேகம் குறைந்துவிடும். நடுவில் உள்ள மூன்றடி, நாலடிதான் ஆபத்து. வாசகியின் கொட்டகை நாலடி, மேலே தகரம். அதைப் பிரிக்க வேண்டாம். தகரத்துக்கு அரையடி கீழே பழைய மீன்வலையையோ சாக்கையோ தொய்வாகக் கட்டினால் போதும். தீபாவளிக்கு முந்தைய நாள்களில் பறவைகளைக் காற்றோட்டமான கூடைகளில் வீட்டுக்குள் எடுத்து வைப்பது நல்லது.

பக்கவாட்டு வலைக் கண் அரை அங்குலத்துக்கு மேல் கூடாது. பொரித்த குஞ்சு 10 கிராம்கூட இருக்காது, ஓரங்குலக் கண்ணில் நுழைந்து போய்விடும். எலியும் பாம்பும் அதே வழியில் உள்ளே வரும். வலையை அரையடி மண்ணுக்குள் புதைத்தால் கீரியும் பெருச்சாளியும் தோண்டி வராது. தண்ணீர்த் தட்டில் கூழாங்கல் போட வேண்டும். இல்லாவிட்டால் குஞ்சு அதிலேயே மூழ்கிச் சாகும்.

அச்சகத்தில் சும்மா கிடைக்கிறதே என்று வழவழப்பான காகிதத் துண்டுகளைத் தரையில் பரப்புவதாகவும் எழுதியிருக்கிறார். குஞ்சு அதில் வழுக்கிக் கால் அகண்டு முடமாகும். குஞ்சுக்கு வெப்பம் தரும் பல்பு பக்கத்தில் இருந்தால் தீப்பிடிக்கும் பயம் வேறு. நெல் உமியே சிறந்தது. முதல் சில நாள் உமிமேல் சாக்கு விரிக்கலாம். ஆலையில் இருந்து வரும் ரசாயன டப்பா, அட்டைப்பெட்டி எதுவும் தீவனத் தட்டாக வரக்கூடாது. பச்சை நிற வெடிக்குப் போடும் பேரிய உப்பு விஷம். வேலை முடிந்து வந்ததும் கைகால் கழுவி, சேலை மாற்றிய பிறகு கொட்டகைக்குள் போவதே முறை.

இனி முட்டை. இரண்டு வருஷத்துக்கு முன் 50 குஞ்சு வாங்கியவர், பிறகு வெளியில் இருந்து ஒன்றுகூட சேர்க்கவில்லை. அங்கேதான் வினை. உடன்பிறந்தவை இணைந்தால் பொரிப்புத்திறன் சரிவது கோழியைவிடக் காடையில் வேகம். தன்னிடம் உள்ள ஆண்கள் எல்லாவற்றையும் இறைச்சிக்கு விற்றுவிட்டு, வேறொரு பண்ணையில் இருந்து ஆண்களை வாங்கிவிட வேண்டும். மூன்று, நான்கு வாரத்தில் நெஞ்சைப் பார்த்தாலே தெரியும்: ஆணுக்குச் செம்பழுப்பு, பெட்டைக்குக் கரும்புள்ளி. இரண்டு அல்லது மூன்று பெட்டைக்கு ஓர் ஆண் போதும். கூடினால் பெட்டையின் தலையும் முதுகும் புண்ணாகும்.

பக்கத்து வீட்டுக்காரர் சொன்னாராம், ‘கரிசக்காட்டில் கண்ணி வைத்து ஒரு காட்டுக்காடை பிடித்து விடுங்கள், புது ரத்தம் சேரும்’ என்று. செய்யவே கூடாது. அது வேறு இனம்; பிடிப்பது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ஜப்பானியக் காடை 1974-ல் இந்தியாவுக்கு வளர்ப்புக்கென்றே கொண்டுவரப்பட்டது. அதற்கும் 2011-ல் புதுப் பண்ணை தொடங்கத் தடை வந்து, இரண்டு வருஷத்தில் நீங்கியது பலருக்கு நினைவிருக்கும்.

காடை பெரும்பாலும் பிற்பகல் மூன்று மணியில் இருந்து ஆறு மணிக்குள் முட்டையிடும். ஆலை விட்டு வந்ததும் பொறுக்கிவிடலாம். தகரக் கூரைக்கடியில் அலமாரியில் வைத்தால் சிவகாசி வெயிலுக்குக் கரு பாதி வளர்ந்து செத்துவிடும். ஈரமணலில் புதைத்த மண்பானைக்குள், கூர்முனை கீழாக, கழுவாமல் வைக்க வேண்டும். ஒரு வாரத்துக்கு மேல் சேர்க்கக் கூடாது. 10 வாரத்தில் இருந்து 30 வார வயது வரை உள்ள பெட்டையின் முட்டையே பொரிக்க ஏற்றது. பொரிக்க 17, 18 நாள் ஆகும்.

ஐந்து வாரத்தில் ஒரு காடை ஏறக்குறைய அரைக் கிலோ தீவனம் தின்று 180 முதல் 200 கிராம் எடைக்கு வரும். தீவன விலையையும் கடைக்காரர் தரும் விலையையும் எழுதிப் பார்த்து, 100 முட்டைக்கு 60, 70 குஞ்சு தொடர்ந்து நிற்கும்போது குழுக் கடனைப் பற்றி யோசிக்கலாம். நோய், தீவன சந்தேகத்துக்கு அருப்புக்கோட்டை வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்கலாம்.

ஒன்று மறந்துவிடக் கூடாது. பழைய ஆண்களை நீக்கிய பிறகும் அவற்றின் விந்து பெட்டையின் உடலில் பத்து நாள் வரை நிற்கும். புது ஆண்களை விட்டு இரண்டு வாரம் வரை கிடைக்கும் முட்டையைக் கடைக்குக் கொடுத்துவிட்டு, அதற்குப் பிறகு வருவதையே பொரிக்க அனுப்ப வேண்டும்.