பூங்காவில் நடக்கப்போவது யார்?

கூவம் கரையில் நடைபாதை, மரங்கள், மிதிவண்டிப் பாதை. வரைபடத்தைப் பார்த்தால் நமக்கும் ஆசையாகத்தான் இருக்கிறது தோழர்களே. பத்துக்குப் பத்து வீட்டில் வளர்ந்தவர்களுக்குத்தான் மர நிழலின் அருமை தெரியும். ஆனால் அதில் பச்சை அடித்திருக்கும் இடத்தில் நேற்றுவரை நம் வீடுகள் இருந்தன.

கிராமத்தில் ஊருக்கு வெளியே சேரி. நகரத்தில் ஆற்றங்கரை. சாக்கடை நாறும், வெள்ளம் வரும் என்று எவரும் சீந்தாத நிலம் நமக்கு விடப்பட்டது. அந்த நிலத்துக்கு விலை ஏறியதும் நமக்கு வந்த பெயர் 'ஆக்கிரமிப்பாளர்'. பக்கிங்ஹாம் கால்வாய்க்குள்ளேயே தூண் நட்டு பறக்கும் ரயில் ஓடுகிறது. கூவத்துக்குள் விரைவுச் சாலைக்குத் தூண்கள் நிற்கின்றன. அவை வளர்ச்சியாம்! தகரக் கூரைதான் ஆற்றை அடைக்கிறதாம். நகரமே தன் கழிவுநீரைக் கூவத்தில் விடுகிறது, பழி மட்டும் குடிசைக்கு.

2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு கூவம், அடையாறு கரைகளிலிருந்து ஆயிரக்கணக்கான குடும்பங்களைப் பெரும்பாக்கத்துக்கு ஏற்றி அனுப்பினார்கள். வெள்ளத்திலிருந்து காப்பாற்றுகிறார்களாம். அனுப்பிய இடமோ பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தின் ஓரம்! வீட்டுவேலைக்குப் போகும் அக்கா விடியும் முன்பே பேருந்துக்கு நிற்கிறார். கல்வியாண்டின் நடுவில் பெயர்த்து எடுக்கப்பட்ட பிள்ளைகளில் எத்தனை பேர் மறுபடி பள்ளிக்குப் போனார்கள் என்று அந்தக் குடியிருப்புகளில் கேட்டுப் பாருங்கள்.

பொது நீர்நிலை என்ற சொல் நமக்குப் புதிதல்ல. 1927 மார்ச் 20-இல் மகாடில் அண்ணல் அம்பேத்கர் சவுதார் குளத்தில் இறங்கித் தண்ணீர் அள்ளினார். குளத்தை எல்லோருக்கும் திறந்துவிட நகராட்சி ஏற்கெனவே தீர்மானம் போட்டிருந்தது. தீர்மானம் காகிதத்தில் இருந்தது, நம் மக்கள் அடிவாங்கினார்கள். வழக்கு உயர்நீதிமன்றம் வரை போய் 1937-இல்தான் முடிந்தது.

எனவே பூங்கா வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. கரையிலிருந்து வீடு நகர வேண்டுமானால் அதே வட்டாரத்தில் வீடு கொடு, முதலில் கொடு, பிறகு இடி என்கிறோம். நகருக்குள் நிலம் இல்லை என்பது பொய். பேரங்காடிக்குக் கிடைக்கிறதே!

கட்டடக்கலை படிக்கும் தம்பி, தங்கைகளுக்கு ஒன்று. ஆற்றங்கரை வடிவமைப்பை உங்களுக்குப் பாடவேலையாகக் கொடுப்பார்கள். பச்சை அடிக்கும் முன் அந்தக் கரைக்குப் போய், அங்கிருக்கும் கதவுகளை எண்ணி, ஒவ்வொன்றையும் வரைபடத்தில் குறியுங்கள்.