அலியின் எதிரே நின்ற ஆள்

சில வாரங்களுக்கு முன்பு காலை நிகழ்ச்சியில் நேயர்களிடம் ஒரு கேள்வி போட்டேன். "1975இல் நம்ம மெர்டேக்கா அரங்கத்தில் முகமது அலி உலகப் பட்டத்துக்காகக் குத்துச்சண்டை போட்டார். எதிரே நின்றவர் யார்?" பரிசு, பிரிக்பீல்ட்ஸில் இருவருக்கு வாழை இலைச் சாப்பாடு. வாழை இலை என்று சொல்லிவிட்டால் நம் ஆட்கள் சும்மா இருப்பார்களா? போன் விடாமல் அடித்தது.

முதல் ஆள் ஜோர்ஜ் ஃபோர்மேன் என்றார். அடுத்தவர் ஜோ ஃப்ரேசியர். காஜாங்கிலிருந்து ஓர் அக்கா மைக் டைசன் என்று அடித்துச் சொன்னார். அந்தச் சண்டை நடந்தபோது அமெரிக்காவில் ஜூன் 30ஆம் தேதி. டைசனுக்கு அன்றுதான் ஒன்பது வயது நிறைந்தது. கடைசியில் கிள்ளானிலிருந்து லோரி ஓட்டும் ஓர் அண்ணன், "அந்த உயரமான வெள்ளக்காரன்தான், பேரு வாயில வரமாட்டேங்குதும்மா" என்றார். சாப்பாட்டை அவருக்கே கொடுத்துவிட்டேன். அதைவிடச் சரியான பதில் வரும் என்று எனக்குத் தோன்றவில்லை.

அந்த உயரமான வெள்ளைக்காரரின் பெயர் ஜோ பக்னர். எங்கள் வீட்டில் அந்தப் பெயரை யாரும் மறந்ததில்லை. காரணம் பெரியப்பா. கிள்ளான் துறைமுகத்தில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், இருபத்திரண்டு வயதில், இரவல் வாங்கிய காசில் டிக்கெட் எடுத்து, முதல் பஸ் பிடித்து அந்தச் சண்டையைப் பார்க்கப் போனவர். அது ஜூலை 1, செவ்வாய்க்கிழமை. வேலைக்கு மட்டம் போட்டுவிட்டுப் போனார். கூடப் போனவர் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்த அவருடைய நண்பர். நான் மாமா என்று கூப்பிடுவேன். ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே சண்டையைப் பார்த்த இந்த இரண்டு பேரும் அதைப் பற்றி ஐம்பது வருஷமாக ஒத்துப்போனதில்லை.

பெரியப்பா கட்சி: "அடிக்க வராதவன் எதுக்கு ரிங்குல ஏறணும்?"

மாமா கட்சி: "அலிகூட ரெண்டு சண்டையில இருபத்தேழு ரவுண்டு நின்னான். ஒரு தடவகூட கீழ விழல. நீ போய் நில்லு பாப்போம்."

தீபாவளிக்குத் தீபாவளி முறுக்குத் தட்டுக்கு நடுவில் இந்த வழக்கு நடக்கும். தீர்ப்பு வந்ததே இல்லை. வானொலியில் போட்ட கேள்வியின் சூட்டோடு, இரவுப் பணி முடிந்த மூன்று நாட்களில் அந்தச் சண்டையை முழுசாக இணையத்தில் பார்த்தேன். ஒரு ரவுண்டு மூன்று நிமிடம் வீதம் பதினைந்து ரவுண்டு, இடைவேளையும் சேர்த்தால் ஏறக்குறைய ஒரு மணி நேரம்.

சண்டை நடந்தது காலையில். அமெரிக்காவில் தியேட்டர்களில் உட்கார்ந்து பார்ப்பவர்களுக்கு இரவாக இருக்க வேண்டும் என்பதற்காக நம் ஊர் வெயிலில் ஏற்றிவிட்டார்கள். கோலாலம்பூர் வெயிலைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. திறந்த அரங்கம், மேலே விளக்குகள் வேறு. 1957இல் துங்கு சுதந்திரப் பிரகடனம் வாசித்த அதே இடம். இன்று 118 மாடிக் கோபுரத்தின் காலடியில் அடங்கிப்போய்க் கிடக்கிறது. அலிக்கு அப்போது 33 வயது, பக்னருக்கு 25. பக்னர் ஆறடி நான்கு அங்குலம், அலியைவிட உயரம், எடையும் கூட. தோளும் மார்பும் செதுக்கி வைத்த மாதிரி. கிரேக்கச் சிலை போன்ற உடம்பு, ஆனால் சிலையைவிடக் குறைவான அசைவு என்று அவரைப் பற்றி ஒரு பிரிட்டிஷ் பத்திரிகையாளர் கிண்டலடித்தது பிரபலம்.

கிண்டல் நல்ல கிண்டல்தான். ஆனால் நியாயமில்லை. முதல் ஐந்து ரவுண்டை ஒலியை அணைத்துவிட்டுப் பாருங்கள். பக்னரின் இடது கை நேராக நீண்டு போகிறது. ஜேப் என்பார்களே, அந்தக் குத்து. கனவகுப்பில் அவ்வளவு சுத்தமான ஜேப் வைத்திருந்தவர்கள் அதிகம் இல்லை. இரண்டு கையுறையும் கன்னத்தை ஒட்டி உயரமாக நிற்கின்றன. அலி வேகமாகக் கொடுக்கும் குத்துகளில் பாதி அந்தக் கையுறையிலும் முழங்கையிலும் பட்டு வீணாகின்றன. பட்டாலும் ஆள் அசையவில்லை. ஓடவும் இல்லை. பெரியப்பா "ஓடினான்" என்று சொல்வது மட்டும் தப்பு. நின்றார். நின்றுகொண்டே இருந்தார்.

வழக்கின் மறுபக்கமும் அங்கேயேதான் இருக்கிறது. ஜேப் என்பது கதவைத் தட்டுவது மாதிரி. தட்டித் திறந்த பிறகு வலது கை உள்ளே போக வேண்டும். பக்னர் தட்டுகிறார், கதவு கொஞ்சம் திறக்கிறது, அவர் வாசலிலேயே நிற்கிறார். ஒரு குத்து, பிறகு பின்வாங்கல். இரண்டாவது, மூன்றாவது குத்து வருவதில்லை. பத்தாவது ரவுண்டைத் தாண்டியதும் பின்தங்கிவிட்டது அவருக்கும் தெரியும், அவர் மூலையில் நிற்பவர்களுக்கும் தெரியும், பெஞ்சில் உட்கார்ந்த என் பெரியப்பாவுக்கும் தெரியும். பாயிண்டில் ஜெயிக்க வழியில்லை என்றால் எல்லாவற்றையும் பணயம் வைத்து ஒரு முறை பாய வேண்டாமா? உலகப் பட்டம் மறுபடி கைக்கெட்டும் தூரத்தில் வருமா? பதினைந்தாவது ரவுண்டிலும் முதல் ரவுண்டில் நின்ற அதே மாதிரி நின்றார். நடுவர்கள் ஒருமனதாக அலிக்குக் கொடுத்தார்கள். சண்டை முடிந்து கொஞ்ச நேரத்திலேயே பக்னர் ஹோட்டல் நீச்சல் குளத்தில் இறங்கிவிட்டார். பிரிட்டிஷ் பத்திரிகைகள் கொதித்துப் போயின. பதினைந்து ரவுண்டு போட்ட ஆளுக்கு நீந்த எப்படி முடியும், அப்படியானால் உள்ளே எவ்வளவு மிச்சம் வைத்திருந்தான் என்று.

'சார்பட்டா பரம்பரை' பார்த்தவர்களுக்கு இந்தக் கோபம் புரியும். அதுவும் அந்தக் காலத்துச் சென்னைக் கதைதான். இந்தியாவில் அவசரநிலை வந்தது 1975 ஜூன் 25, நம் ஊர்ச் சண்டை ஆறே நாள் கழித்து. அந்தப் படத்தில் கூட்டம் கேட்பது வெற்றி தோல்வியை மட்டுமா? ரோஷத்தைக் கேட்கிறது. அடி வாங்கினாலும் திருப்பிக் கொடு என்று கேட்கிறது. வடசென்னையிலும் சரி, லண்டனிலும் சரி, மெர்டேக்கா அரங்கத்தின் பெஞ்சிலும் சரி, டிக்கெட் எடுத்தவன் கேட்பது அதைத்தான். பக்னர் அதைக் கொடுக்கவில்லை.

கொடுக்கத் தெரியாதவரா என்றால், அதுவும் இல்லை. கோலாலம்பூருக்கு இரண்டு வருஷம் முன்பு, 1973 ஜூலை 2, லண்டன் எர்ல்ஸ் கோர்ட்டில் ஜோ ஃப்ரேசியரோடு பன்னிரண்டு ரவுண்டு. பத்தாவது ரவுண்டில் ஃப்ரேசியரின் புகழ்பெற்ற இடது ஹூக் பக்னரைத் தரையில் சாய்த்தது. அலியையே 1971இல் விழவைத்த கை அது. பக்னர் எழுந்தார். எழுந்தவர் அந்த ரவுண்டு முடிவதற்குள் ஃப்ரேசியரைத் தள்ளாட வைத்தார். பாயிண்டில்தான் தோற்றார், அதுவும் நெருக்கமாக. அந்த ஒரு ரவுண்டைப் பார்த்துவிட்டு கோலாலம்பூர்ச் சண்டையைப் பார்த்தால்தான் கோபம் வருகிறது. இந்த ஆள் எங்கே போனான்? விழுந்த பிறகுதான் அவர் வெளியே வருவார் போலிருக்கிறது. நம் ஊரில் அலி அவரை விழவைக்கவில்லை.

பக்னர் பிறந்தது ஹங்கேரியில், 1950இல். 1956இல் சோவியத் டாங்குகள் அங்கே புகுந்த பிறகு தாயோடும் உடன்பிறப்புகளோடும் தப்பி அகதியாக இங்கிலாந்து வந்த பிள்ளை. பள்ளியில் வட்டு எறிவதில் கெட்டிக்காரர். பதினேழு வயதில் தொழில்முறைக் குத்துச்சண்டைக்கு வந்து முதல் சண்டையிலேயே தோற்றார். இருபத்தொரு வயதில், 1971 மார்ச்சில், இங்கிலாந்தின் செல்லப்பிள்ளை ஹென்றி கூப்பரை வென்றார். 1963இல் அலியைத் தரையில் உட்கார வைத்த அதே கூப்பர். பதினைந்து ரவுண்டுக்குப் பிறகு, நடுவர் ஒருவரே போட்ட கணக்கில், கால் பாயிண்ட் வித்தியாசம். பிரிட்டிஷ், காமன்வெல்த், ஐரோப்பியப் பட்டங்கள் மூன்றும் அகதிப் பிள்ளைக்குப் போயின. கூப்பர் அன்றோடு ஓய்வு பெற்றார். அந்தக் கால் பாயிண்டை அந்த நாடு அவருக்கு மன்னிக்கவே இல்லை. அதற்குப் பிறகு அவர் எப்படி ஆடினாலும் குறைதான் தெரிந்தது. கோலாலம்பூரில் அவர் ஆடிய விதத்துக்கு விழுந்த திட்டில் ஒரு பங்கு அந்தப் பழைய கணக்கு.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. அது பெரியப்பாவுக்கும் தெரியாது, மாமாவுக்கும் தெரியாது. எனக்கே இப்போதுதான் தெரிந்தது. 1969 மார்ச்சில் லண்டனில் உல்ரிக் ரெஜிஸ் என்ற டிரினிடாட் வீரரை பக்னர் பாயிண்டில் வென்றார். சில நாட்களில் மூளையில் ஏற்பட்ட காயத்தால் ரெஜிஸ் இறந்துபோனார். பக்னருக்கு அப்போது பத்தொன்பது வயது ஆகிக்கொண்டிருந்தது. நம் வீட்டுப் பிள்ளைகளாக இருந்தால் எஸ்டிபிஎம் முடிவுக்குக் காத்திருக்கும் வயது. அதற்கப்புறம் அவருடைய வலது கை தயங்கியது என்று குத்துச்சண்டை எழுத்தாளர்கள் பலர் சொல்கிறார்கள். தயக்கம் அதற்கு முன்பே இருந்ததா, பின்புதான் வந்ததா என்று எந்தச் சண்டையைப் பார்த்தும் நிரூபிக்க முடியாது. ஆனால் அதைத் தெரிந்துகொண்ட பிறகு அந்தப் பதினைந்து ரவுண்டை முன்பு பார்த்த மாதிரி என்னால் பார்க்க முடியவில்லை. கதவைத் தட்டிவிட்டு வாசலிலேயே நிற்கிறவர், உள்ளே போனால் என்ன ஆகும் என்று ஒரு முறை பார்த்துவிட்டவர்.

மற்றதை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1976இல் ஓய்வு என்றார், அதே வருஷம் திரும்பி வந்து ரிச்சர்ட் டன்னை முதல் ரவுண்டிலேயே சாய்த்தார். வேண்டும் என்றால் அடிப்பார் என்பதற்கு அது இன்னொரு சாட்சி. எண்பதுகளில் ஆஸ்திரேலியாவில் குடியேறி "ஆஸி ஜோ" ஆனார். முப்பத்தாறு, முப்பத்தேழு வயதில் ஜேம்ஸ் டில்லிஸ், டேவிட் பே, கிரெக் பேஜ் என்று மூன்று அமெரிக்கர்களை வரிசையாக வென்றார். என்னைக் கேட்டால் அவர் வாழ்க்கையில் அதிகம் பேசப்படாத நல்ல காலம் அதுதான். 1987இல் ஃபிராங்க் புருனோ எட்டாவது ரவுண்டில் நிறுத்திவிட்டார். பணத்தையெல்லாம் திராட்சைத் தோட்டத்தில் போட்டு அது கைவிட்டதும், நாற்பத்தைந்து வயதில் மறுபடி கையுறை மாட்டினார். 1998இல், நாற்பத்தெட்டு வயதில், ஒரு சின்ன அமைப்பின் உலகப் பட்டம் கிடைத்தது. எதிராளி போன்க்ரஷர் ஸ்மித்தின் தோள்பட்டை முதல் ரவுண்டிலேயே விலகிவிட்டது. அந்தப் பட்டத்தை நான் கணக்கில் சேர்க்க மாட்டேன். மொத்தம் 83 சண்டை, 69 வெற்றி.

அப்படியானால் பெரிய வீரரா? அலி, ஃப்ரேசியர், ஃபோர்மேன் வரிசையில் உட்கார வைக்க முடியாது. ஃபோர்மேனோடும் கென் நோர்ட்டனோடும் அவர் மோதவே இல்லை, அது ஒரு குறை. ஆனால் கனவகுப்பின் கடினமான பத்து வருஷங்களில், அந்த முதல் வரிசைக்கு அடுத்த வரிசையில், யாராலும் எளிதில் வீழ்த்த முடியாதவராக நின்றார். அவரைக் காப்பாற்றியதும் அந்தக் கவனம், பட்டத்தைத் தடுத்ததும் அந்தக் கவனம். மாமா சொல்வதில் முக்கால்வாசி சரி. பெரியப்பா சொல்லும் கால்வாசி, கூப்பரின் கால் பாயிண்ட் மாதிரி, விடாமல் உறுத்துகிறது.

2025 செப்டம்பர் 1ஆம் தேதி, பிரிஸ்பேனில் ஒரு பராமரிப்பு இல்லத்தில் பக்னர் இறந்தார். வயது 75. கடைசிக் காலத்தில் மறதி நோய் இருந்தது. அவ்வளவு கவனமாக ஆடியவருக்கும் அந்தக் குத்துகளின் கணக்கு எங்கோ ஏறிக்கொண்டுதான் இருந்ததோ என்னவோ. சண்டையைப் பார்த்து முடித்த மறுநாள் கிள்ளானுக்குப் போனேன். பெரியப்பா ஐந்தடியில் தேநீர்க் குவளையோடு உட்கார்ந்திருந்தார். பக்னர் இறந்தது அவருக்குத் தெரிந்திருக்கவில்லை.

"என்னவிட மூணு வயசுதான் பெரியவன்," என்றார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

ரெஜிஸ் கதையைச் சொன்னேன். குவளையைக் கீழே வைத்தார்.

"அப்ப இவனுக்கு என்ன வயசு?"

"பத்தொன்பதுகூட ஆகல பெரியப்பா."

"யாருமே சொல்லலையேம்மா," என்றார். பிறகு மாமாவுக்குப் போன் போடச் சொன்னார். போட்டுக் கொடுத்தேன். ரெஜிஸ் கதையை முழுவதும், நான் சொன்னதைவிட நன்றாகவே, மாமாவிடம் சொன்னார். மறுமுனையில் மாமா "நான்தான் அப்பவே சொன்னேன்ல" என்று ஆரம்பித்திருக்க வேண்டும். பெரியப்பாவின் குரல் மாறிவிட்டது.

"அதெல்லாம் சரிதாம்ப்பா. பாவம்தான். ஆனா கடைசி ரவுண்டுல ரெண்டு குத்து கூடப் போட்டிருக்கலாம்."