தெரிந்தே தாகத்தை அடக்குகிறவர்கள்

கத்திரி வெயில் தொடங்கியதும் அறிவுரைகளும் தொடங்கிவிடும். தாகம் எடுக்காவிட்டாலும் தண்ணீர் குடியுங்கள். நண்பகல் 12 மணி முதல் 3 மணி வரை வெளியே செல்வதைத் தவிருங்கள். நீர்மோரும் இளநீரும் அருந்துங்கள். கட்சிக்கு ஒன்றாகத் தண்ணீர்ப் பந்தல்கள் திறக்கப்படும். முதல் நாள் தர்பூசணியும் வெள்ளரியும் இருக்கும். நான்காம் நாள் காலிப் பானை மட்டும் இருக்கும். இந்த அறிவுரைகளில் பிழை ஏதும் இல்லை. ஆனால், மக்கள் தண்ணீர் குடிக்காமல் இருப்பதற்கு மறதியோ அறியாமையோதான் காரணம் என்ற அனுமானத்தின் மேல் அவை நிற்கின்றன. சென்ற ஆண்டு மே மாதம் வரை நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன்.

அந்த மாதத்தில் ஒரு திருமணத்துக்காக என் தாயார் திருச்சியிலிருந்து பகல்நேரப் பேருந்தில் சென்னைக்கு வந்தார். அவருக்கு வயது 73. மாலையில் கிளாம்பாக்கத்தில் இறங்கியபோது அவருடைய நடையில் தள்ளாட்டம் இருந்தது. பேச்சு கோர்வையாக இல்லை. என்னைப் பார்த்து, என்றோ இறந்துபோன என் மாமாவின் பெயரைச் சொல்லி அழைத்தார். பக்கவாதம் என்று அஞ்சி மருத்துவமனைக்கு விரைந்தோம். இளம் மருத்துவர் ஒருவர் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தார்; படுக்கவைத்து ஒருமுறையும் நிற்கவைத்து ஒருமுறையும் ரத்த அழுத்தத்தை அளந்தார்; பிறகு, "கடைசியா எப்பம்மா யூரின் போனீங்க?" என்று கேட்டார். காலையில் வீட்டில் போனதுதான் என்றார் அம்மா. ஏறக்குறைய 12 மணி நேரம்.

தலையை ஸ்கேன் எடுத்தார்கள். அதில் குறையொன்றும் இல்லை. இரவு முழுவதும் நரம்பு வழியாக நீர் ஏற்றினார்கள். காலையில் என் பெயரைச் சரியாகச் சொன்னார். அவருடைய பையில் தண்ணீர் பாட்டில் நிரம்பியபடியே இருந்தது. ஏன் குடிக்கவில்லை என்று கேட்டேன். "குடிச்சா போகணுமே, வழியில எங்க போறது?" என்றார். நெடுஞ்சாலை உணவகத்தில் பேருந்து நின்றபோது கழிப்பறையின் வாசல்வரை போய், உள்ளே இருந்த நிலையைப் பார்த்துத் திரும்பிவிட்டாராம். அவர் உட்கொள்ளும் ரத்த அழுத்த மாத்திரை, சிறுநீரைக் கூடுதலாக வெளியேற்றும் வகையைச் சேர்ந்தது. அதனால் பயண நாளில் அந்த மாத்திரையையும் விழுங்கவில்லை. இதில் அறியாமை எங்கே இருக்கிறது? ஐம்பது ஆண்டுப் பேருந்துப் பயணம் அவருக்குக் கற்றுக்கொடுத்த கணக்கு அது.

நீரிழப்பின் அறிகுறிகளை நாம் அடையாளம் காணத் தவறுவதற்கு ஒரு காரணம், அவை ஒவ்வொன்றுக்கும் அன்றாட வாழ்வில் வேறொரு பெயர் இருப்பது. மாலை நான்கு மணித் தலைவலிக்குத் தேநீர் குடிக்காததே காரணம் என்கிறோம். எழுந்து நிற்கையில் கண் இருட்டினால் ரத்தசோகை என்கிறோம். கெண்டைக்கால் பிடித்துக்கொண்டால் வாயு. பிள்ளைகள்மேல் காரணமின்றி எரிந்து விழுந்தால் வேலைப் பளு. சிறுநீர் கழிக்கையில் எரிச்சல் என்றால் 'உடம்புச் சூடு'. இந்தக் கடைசிச் சொல்லில் மட்டும் உண்மையின் ஒரு பங்கு இருக்கிறது. நம் பாட்டிமார்கள் அதற்கு நீராகாரமும் மோரும் கொடுத்தது காரணத்தோடுதான். இவற்றுக்கு வேறு காரணங்களும் இருக்கலாம். எனினும் கோடையில் முதலில் ஐயுற வேண்டியது நீரிழப்பை. அதற்கு வீட்டிலேயே செய்யக்கூடிய எளிய சோதனை, சிறுநீரின் நிறத்தைப் பார்ப்பது. வெளிர்மஞ்சளாக இருந்தால் கவலையில்லை. நல்லெண்ணெய் நிறத்துக்கு அடர்ந்து, அளவும் குறைந்தால் உடல் நீரைச் சேமிக்கத் தொடங்கிவிட்டது என்று பொருள். சில வைட்டமின் மாத்திரைகளும் நிறத்தை மாற்றும் என்பதை மட்டும் நினைவில் கொள்ள வேண்டும்.

முதியவர்களிடம் இந்தக் கணக்கும் சற்று மாறும். வயது ஏற ஏறத் தாக உணர்வு மங்குகிறது. எனவே தாகம் இல்லை என்று அவர்கள் சொல்வது உண்மையாகவே இருக்கும். தோலைக் கிள்ளிவிட்டு அது எவ்வளவு விரைவாகப் பழைய நிலைக்குத் திரும்புகிறது என்று பார்க்கும் வழக்கமான சோதனையும், ஏற்கெனவே தளர்ந்த தோலில் நம்பகமானதன்று. திடீர்க் குழப்பமும் சோர்வும் தடுமாற்றமுமே அவர்களிடம் முதலில் தெரியலாம். பக்கவாதத்துக்கும் இவையே அறிகுறிகள் என்பதால், வீட்டில் தண்ணீர் கொடுத்துப் பார்க்கலாம் என்று காத்திராமல் மருத்துவமனைக்குத்தான் செல்ல வேண்டும். கைக்குழந்தைகளிடம் கண்ணீர் இல்லாத அழுகை, குழிந்த உச்சி, பல மணி நேரம் நனையாத துணி ஆகியவை எச்சரிக்கைகள்.

இவையெல்லாம் நல்ல மருத்துவக் குறிப்புகள். ஆனால் அறிகுறியைத் தெரிந்துகொண்டவர் அடுத்து என்ன செய்வார்? என் உறவுப்பெண் ஒருத்தி துணிக்கடையில் விற்பனையாளராக இருக்கிறாள். ஓராண்டில் மூன்று முறை சிறுநீர்த்தொற்று வந்து மாத்திரை சாப்பிட்டுவிட்டாள். தண்ணீர் குறைவாகக் குடிப்பதுதான் காரணம் என்று மருத்துவர் சொல்லாமலே அவளுக்குத் தெரியும். கழிப்பறை இரண்டு மாடி தள்ளி இருக்கிறது. போவதற்கு மேற்பார்வையாளரிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டும். பண்டிகைக் காலத்தில் இரண்டாம் முறை கேட்டால் முகம் மாறும். அந்த மேற்பார்வையாளர் ஓர் ஆண். ஆகவே, காலை பத்து மணியிலிருந்து இரவு ஒன்பது மணிவரை அரை லிட்டர் தண்ணீர் என்று தனக்குத்தானே அளவு வைத்திருக்கிறாள்.

நாள் முழுவதும் நின்றே வேலை செய்த கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று 1947-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 2021-இல் திருத்தப்பட்டது. பாராட்டத்தக்க திருத்தம் அது. இருக்கை கண்ணுக்குத் தெரியும் பொருள். ஆய்வாளர் வந்தால் எண்ணிவிட்டுப் போகலாம். கழிப்பறைக்குப் போய்வரும் பத்து நிமிடத்தை யார் எண்ணுவது? 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் 250 பேருக்கு மேல் பணிபுரியும் ஆலையில் கோடையில் குளிர்ந்த குடிநீர் தர வேண்டும் என்றும், குடிநீர்க் குழாய்க்கும் கழிப்பறைக்கும் இடையே இவ்வளவு தொலைவு வேண்டும் என்றும் விதித்தது. அவ்வளவு நுணுக்கமாகச் சிந்தித்தவர்களும், குடித்த நீரை வெளியேற்றுவதற்கான நேரத்தைத் தொழிலாளியின் உரிமையாக எழுதி வைக்கவில்லை.

கூரையின்கீழ் வேலை செய்பவர்களின் நிலையே இது என்றால், உப்பளங்களைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. தூத்துக்குடியிலும் வேதாரண்யத்திலும் மேலிருந்து வெயிலும் கீழிருந்து உப்பின் எதிரொளியும் தாக்கும் வெட்டவெளியில், ஒதுங்குவதற்கு ஒரு புதர்கூட இல்லாத பாத்திகளில் பெண்கள் வேலை செய்கிறார்கள். அவர்கள் தண்ணீரைத் தவிர்ப்பது அங்கே போனவர்கள் எல்லோரும் அறிந்த செய்தி. தமிழக உப்பளத் தொழிலாளர்களிடையே சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி நிறுவன ஆய்வாளர்கள் நடத்திய ஆய்வு, அளவு மீறிய வெப்பத்தையும் சிலரிடம் சிறுநீரகச் செயல்பாடு குறைந்திருப்பதையும் பதிவு செய்தது. மத்திய அமெரிக்காவின் கரும்புத் தோட்டங்களில் சர்க்கரை நோயோ உயர் ரத்த அழுத்தமோ இல்லாத இளைஞர்கள் சிறுநீரகம் செயலிழந்து மடிந்தபோது, மருத்துவ உலகம் ஐயப்பட்ட காரணங்களில் முதன்மையானவை வெப்பத்தில் கடும் உழைப்பும் மீண்டும் மீண்டும் நேரும் நீரிழப்பும். தண்ணீர், ஓய்வு, நிழல் என்ற மூன்றும் சேர்ந்த ஏற்பாட்டையே அங்கே பரிந்துரைத்தார்கள். தண்ணீரை மட்டும் தனியாகப் பரிந்துரைக்கவில்லை.

வெப்ப அலையை மாநிலப் பேரிடராகத் தமிழக அரசு 2024 அக்டோபரில் அறிவித்தது. வெப்பத்தால் இறந்தவரின் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் கிடைக்க அது வழிவகுத்தது. முன்னோடியான முடிவுதான்; ஐயமில்லை. ஆனால் இரண்டு இடங்களில் அது நழுவுகிறது. கடலோரத்தில் வெப்ப அலை என்று வானிலைத் துறை அறிவிக்க, வெப்பநிலை 37 டிகிரி செல்சியஸையாவது எட்ட வேண்டும், இயல்பைவிட 4.5 டிகிரியாவது கூடியிருக்கவும் வேண்டும். சென்னையிலோ நாகையிலோ 35 டிகிரியில், காற்றில் ஈரப்பதம் மிகுந்த நாளில், வியர்வை ஆவியாகாமல் வழிந்துகொண்டே இருக்கும். உடல் குளிராது, நீர் மட்டும் போகும். அந்த நாள் வெப்ப அலை அறிவிப்பில் வராது. அடுத்து, நிவாரணத்தின் கணக்கு இறப்பில் தொடங்குகிறது. சிறுநீரகக் கல்லும் தொற்றும் மயங்கி விழுந்ததால் பறிபோன நாள் கூலியும் எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை.

நீரிழப்புக்கான மருந்து மலிவானது என்பதுதான் இதில் வேதனை. 1971-இல் வங்கதேச அகதிகள் குவிந்த பன்காவ் முகாமில், நரம்பு வழி ஏற்றும் நீர் தீர்ந்துபோன நிலையில், மருத்துவர் திலீப் மகலனாபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரை வாய்வழியே கொடுக்கச் செய்து காலரா இறப்புகளை 30 விழுக்காட்டளவிலிருந்து 4 விழுக்காட்டுக்கும் கீழே கொண்டுவந்தார். இன்று அந்த ஓ.ஆர்.எஸ். பொட்டலம் எந்த மருந்துக் கடையிலும் கிடைக்கும். அதன் பெயரைச் சர்க்கரைப் பானங்கள் தங்கள் அட்டைகளில் போட்டுக்கொள்வதற்கு 2025 அக்டோபரில்தான் உணவுப் பாதுகாப்பு ஆணையம் தடை விதித்தது. பொட்டலத்தைப் பிரித்துக் குவளை நீரில் கலப்பதும் தவறு. ஒரு லிட்டருக்கான பொட்டலத்தை ஒரு லிட்டரில்தான் கரைக்க வேண்டும். இதய, சிறுநீரக நோயாளிகள் எவ்வளவு நீர் அருந்தலாம் என்பதை மருத்துவரிடம் கேட்டே முடிவு செய்ய வேண்டும்.

பள்ளிகளில் கேரளத்தைப் பின்பற்றி 2025 முதல் 'வாட்டர் பெல்' அடிக்கிறோம். நல்ல ஏற்பாடு. தலைமையாசிரியராக இருக்கும் நண்பரிடம் அதைப் பற்றிக் கேட்டேன். மாணவர்கள் குடிக்கிறார்கள், மாணவியர் பாட்டிலைத் திறந்து வாயை நனைத்துவிட்டு மூடிவிடுகிறார்கள் என்றார். அவருடைய பள்ளியில் 400-க்கும் மேற்பட்ட மாணவியருக்கு ஆறு கழிப்பறைகள். அவற்றில் இரண்டில் தாழ்ப்பாள் இல்லை. தூய்மைப் பணியாளர் காலையில் ஒருமுறைதான் வருகிறார். மணி அடிக்க உத்தரவு இருக்கிறது. தாழ்ப்பாளுக்குப் பெற்றோர் ஆசிரியர் கழகத்திடம் கேட்டிருக்கிறாராம்.

என் யோசனை சிறியது. கோடையில் கடைகளுக்கும் ஆலைகளுக்கும் செல்லும் தொழிலாளர் துறை ஆய்வாளர், குடிநீர் இருக்கிறதா என்ற கேள்வியோடு நிறுத்தாமல், பெண் பணியாளர்களைத் தனியே அழைத்து, இன்று எத்தனை முறை கழிப்பறைக்குப் போனீர்கள் என்றும் கேட்டு, விடையைப் பதிவேட்டில் எழுத வேண்டும். பேருந்து நிற்கும் நெடுஞ்சாலை உணவகங்களின் உரிமத்தைக் கழிப்பறையின் தூய்மையோடு பிணைக்க வேண்டும். புதிய சட்டம் ஏதும் வரும்வரை காத்திராமல் இந்தக் கோடையிலேயே தொடங்கக்கூடியவை இவை.

அம்மா இந்த மாதமும் சென்னைக்கு வருகிறார். பேருந்து வேண்டாம் என்று ரயிலில் இடம் பதிவு செய்திருக்கிறேன். கழிப்பறைக்கு அருகே இருக்கை கிடைக்குமா என்றுதான் முதலில் கேட்டார்.