கைதட்டியது யார்?



நாடகம் முடிந்து, அரிதாரம் கலைத்து, கொட்டகைக்குப் பின்புறம் கயிற்றுக் கட்டிலில் அமர்ந்து தேநீர் அருந்திக் கொண்டிருந்தேன். குழுவிலுள்ள இளைஞன் ஒருவன் தன் கைபேசியை நீட்டி, "அண்ணே, இதைப் பாருங்கள். முடிகிற வரையிலே ஒன்றும் கேட்காதீர்கள்" என்றான். ஆங்கில நாட்டுத் தொலைக்காட்சிக் கதை அது. முக்கால் மணி நேரம்கூட இல்லை. ஆயினும் அன்றிரவு எனக்கு உறக்கமில்லை. அடுத்த நாள், பார்த்தோம் என்று சொன்னவர்களிடமெல்லாம் கருத்துக் கேட்டேன். கேட்கக் கேட்க, கதையைவிடக் கருத்துகளே என்னை அதிகம் கலக்கின!

'பிளாக் மிரர்' என்பது அத்தொடரின் பெயர், கருப்புக் கண்ணாடி. சார்லி புரூக்கர் என்பார் எழுதியது. இனி வரக்கூடிய இருண்ட நாட்களைக் காட்டி, இன்றைய நம் முகத்தை நமக்கே அடையாளம் காட்டும் தொடர். அதிலே 'வெள்ளைக் கரடி' என்னும் கதையை 2013ஆம் ஆண்டு பிப்ரவரி 18ஆம் நாள் இங்கிலாந்தின் நான்காவது அலைவரிசையான 'சேனல் 4' ஒளிபரப்பிற்று. இன்று 'நெட்ஃபிளிக்ஸ்' வழியாக உலகெங்கும் ஓடுகிறது.

ஒரு பெண் கண் விழிக்கிறாள். மணிக்கட்டுகளிலே கட்டு. காலடியிலே சிதறிக் கிடக்கும் மாத்திரைகள். தான் யாரென்றே அவளுக்குத் தெரியவில்லை. ஒரு சிறுமியின் படம் இருக்கிறது. நம் மகளோ என்று நெஞ்சு பதைக்கிறது. தெருவுக்கு ஓடி வருகிறாள். சன்னல் தோறும் மக்கள்! "உதவுங்கள்!" என்று கதறுகிறாள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஒவ்வொருவர் கையிலும் கைபேசி; படம் பிடிக்கிறார்கள். முகமூடியணிந்தவன் துப்பாக்கியோடு துரத்துகிறான், அவள் ஓடுகிறாள், அந்த மக்களும் பின்னாலேயே ஓடி வருகிறார்கள். காப்பதற்கா? இல்லை, படம் பிடிப்பதற்கு!

அடடா, கல் நெஞ்சர்களே என்று நாம் பற்களைக் கடிக்கிறோம். அவள் தப்பிவிட வேண்டுமே என்று தவிக்கிறோம். முடிவிலே அவள் கையில் ஒரு துப்பாக்கி கிடைக்கிறது. சுடுகிறாள். குண்டு பாயவில்லை; வண்ணக் காகிதத் துணுக்குகள் பறக்கின்றன! பின்சுவர் திறக்கிறது. அங்கே வரிசை வரிசையாகப் பார்வையாளர்கள். கைதட்டுகிறார்கள்!

அப்போதுதான் உண்மை அவிழ்கிறது. அவள் பெயர் விக்டோரியா. அவளும் அவளை மணக்க இருந்தவனும் சேர்ந்து ஒரு சிறுமியைக் கடத்தினார்கள். அவன் சித்திரவதை செய்து கொன்றான். இவள் தடுக்கவில்லை, தன் கைபேசியிலே அதைப் படம் பிடித்துக் கொண்டிருந்தாள். அவன் சிறையிலேயே தன்னை மாய்த்துக் கொண்டு தப்பிவிட்டான். சிக்கியவள் இவள். இவளுக்கென்றே ஒரு பூங்கா. 'நீதிப் பூங்கா' என்று பெயர்! கண்ணாடி வண்டியிலே ஏற்றி ஊர்வலம் விடுகிறார்கள். கூட்டம் ஏசுகிறது, வீசுகிறது. "கொன்றுவிடுங்கள்" என்று அவளே கெஞ்சுகிறாள். கொல்ல மாட்டார்கள். தலையிலே கருவியை மாட்டி, துடிக்கத் துடிக்க நினைவை அழித்து, அதே நாற்காலியில் உட்கார்த்தி வைக்கிறார்கள், மறுநாள் காலையில் மறுபடியும் தொடங்குவதற்கு! பெயர்ப் பட்டியல் ஓடுகையில் இன்னொன்றும் காட்டுகிறார்கள். பூங்காவுக்கு வருவோருக்கு விதிகள் சொல்லப்படுகின்றன: அவளோடு பேசாதீர், தள்ளி நில்லுங்கள், எல்லாவற்றிலும் முக்கியம், மகிழ்ச்சியாக இருங்கள்.

இதைப் பார்த்தவர்கள் என்ன சொன்னார்கள்? கதை வெளிவந்த நாள்தொட்டு இங்கிலாந்திலும் பிற நாடுகளிலும் நடக்கும் அதே வழக்குதான் எங்கள் கொட்டகைப் பின்புறத்திலும் நடந்தது. "பாவம், அந்தப் பெண்" என்று முக்கால் பங்கு நேரம் உருகியவர்களில் ஒரு பகுதியினர், குற்றம் இன்னதென்று தெரிந்த கணமே, "அப்படியானால் சரி!" என்று சாய்ந்து அமர்ந்துவிட்டார்கள். கண்ணீரைத் துடைத்த கை காய்வதற்குள் கைதட்டும் கையாகிவிட்டது! வேறு சிலரோ, "நானும் 'சரி' என்றுதான் முதலில் நினைத்தேன், பிறகு என்னைக் குறித்தே அஞ்சினேன்" என்றார்கள்.

இன்னொரு காட்சியை இதனருகே வைத்துப் பாருங்கள். 1954 டிசம்பர் 12, ஞாயிறு இரவு. ஜார்ஜ் ஆர்வெல் எழுதிய '1984' கதையைப் பி.பி.சி. நாடகமாக்கி ஒளிபரப்பிற்று. எலிகளைக் காட்டி ஒரு மனிதனின் மனத்தை முறிக்கும் காட்சி கண்டு நாடே கொதித்தது. பாராளுமன்றத்திலே கண்டனத் தீர்மானம் கொண்டு வந்தார்கள். எதிர்ப்புக்கிடையே டிசம்பர் 16 அன்று நாடகத்தை மீண்டும் நேரலையாக நடத்தினார்கள். அந்த மக்களின் சினம் எதன் மீது? கொடுமையை என் வீட்டுக்குள் ஏன் கொண்டு வந்தாய் என்று நிலையத்தின் மீது. அது கொடுமை என்பதிலே அவர்களுக்கு ஐயமே இல்லை. அறுபது ஆண்டுகள் கழித்தோ, திரையிலே கண்டது கொடுமையா, நீதியா என்பதே விவாதமாயிற்று! அன்றையோர் யோக்கியர், இன்றையோர் அயோக்கியர் என்று நான் சொல்ல வரவில்லை. அன்றைய நாடகத்தில் வதைபட்டவன் குற்றமற்றவன். இங்கே வதைபடுகிறவள் குற்றவாளி. சோதனை இதுதான் கடினமானது.

எங்கள் பகுதியின் வட்டச் செயலாளர் ஒருவர். இரண்டு பெண் குழந்தைகளுக்குத் தந்தை. மேடையில் என்னைத் தூக்கிப் பிடிப்பவர். அன்று என்னை மடக்கிப் பிடித்தார். "அண்ணே! அந்தக் குழந்தை கதறியபோது இவள் படம் பிடித்தாளே! அந்தக் குழந்தைக்கு நினைவை அழித்துவிட யார் இருந்தார்கள்? இவளுக்கு ஒரு நாள் அல்ல, நாள்தோறும் வேண்டும்!"

அவருக்குப் பதில் சொல்வது எளிதல்ல, தோழர்களே. எளிதென்று நினைப்பவர் பிள்ளை பெறாதவர், அல்லது பேச்சுக்குப் பேசுபவர். தண்டனை கூடாதென்று நான் சொல்லவில்லை. சிறைக்கதவு மூடட்டும், ஆண்டுக்கணக்கில் மூடியிருக்கட்டும். நான் அவரைக் கேட்டது ஒன்றுதான்: "நாள்தோறும் அவள் நினைவை ஏன் அழிக்கிறார்கள்?"

சற்றே எண்ணிப் பாருங்கள். நான் கல்லூரியைப் பாதியிலே விட்டு வந்தவன், சட்டம் படித்தவனல்லன். ஆனால் தண்டனை என்றால் என்ன என்று எந்தத் தாயும் அறிவாள். எதற்காக அடிக்கிறேன் தெரியுமா என்று கேட்டுவிட்டுத்தான் அடிப்பாள். செய்தவன் செய்ததை அறிந்து வருந்த வேண்டும் என்பதற்காகத்தானே தண்டனை? இங்கேயோ, அவள் அறிந்துகொண்ட மாத்திரத்தில் அறிவைப் பிடுங்கிவிடுகிறார்கள். வருந்தத் தொடங்குகிறாள், வருத்தத்தை அழிக்கிறார்கள். ஏன்? குற்றம் உணர்ந்தவள் ஓட மாட்டாள். தலை குனிந்து உட்கார்ந்துவிடுவாள். தலை குனிந்து உட்கார்ந்திருப்பவளைக் காண எவன் வருவான்? பூங்காவுக்கு வேண்டியது திகைக்கும் கண்கள், பதறும் கால்கள், "ஏன், ஏன்" என்னும் கதறல். நிரபராதிக்குத்தான் அந்தக் கதறல் வரும். ஆகவே ஒவ்வொரு காலையும் அந்தப் பூங்கா ஒரு நிரபராதியை உற்பத்தி செய்கிறது, மாலைக்குள் அவளை வதைப்பதற்காக!

வட்டச் செயலாளர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "அப்படியும் எனக்கு அவள் மீது இரக்கம் வரவில்லை, அண்ணே" என்றார். வராமல் போகட்டும். இரக்கம் வந்தால் மட்டுமே காட்டப்படுவது நீதியாகுமா?

இதெல்லாம் கற்பனை, கவலை எதற்கு என்பீரேல், அதே இங்கிலாந்தில் நடந்ததைக் கேளுங்கள். 1993 பிப்ரவரியில், லிவர்ப்பூலையடுத்த பூட்டில் என்னும் ஊரிலே, இரண்டு வயதுக் குழந்தையொன்றைக் கடைத்தெருவிலிருந்து அழைத்துச் சென்று கொன்றார்கள். கொன்றவர்கள் இரு சிறுவர்கள். இருவருக்கும் வயது பத்து! நினைத்தாலே குலை நடுங்கும் கொடுமை. நீதிமன்றத்துக்கு அவர்கள் கொண்டுவரப்பட்ட நாளில் நூற்றுக்கணக்கானோர் திரண்டு வண்டிகளை நோக்கிப் பாய்ந்தனர். கண்ணாடி வண்டிக் காட்சியைப் புரூக்கர் எழுதுவதற்கு இருபது ஆண்டு முன்பே நாட்டு மக்கள் அதை நடித்துவிட்டார்கள்!

மக்கள் பாய்ந்ததை நான் மன்னித்துவிடுவேன். அது நெஞ்சு வெடித்த வேளை. மன்னிக்க முடியாதது அடுத்து நடந்தது. குறைந்தபட்சச் சிறைக்காலம் எட்டாண்டு போதுமென்றார் விசாரித்த நீதிபதி. பத்தாண்டு என்றார் தலைமை நீதிபதி. 'தி சன்' என்னும் ஏடு, ஆயுள் முழுதும் வெளியே விடாதே என்று கத்தரித்து அனுப்பும் படிவத்தை அச்சிட்டது. இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட படிவங்கள் குவிந்தன. இரண்டேமுக்கால் லட்சத்துக்கும் அதிகமானோர் கையொப்பமிட்ட மனு வேறு. உள்துறை அமைச்சர் மைக்கேல் ஹோவர்டு 1994இல் பதினைந்து ஆண்டு என்று உயர்த்தினார். கூச்சலைக் கேட்டுத் தண்டனையை அளப்பது முறையல்ல என்று பிரபுக்கள் சபையின் நீதிபதிகள் 1997இல் அந்த ஆணையைத் தள்ளினார்கள். 1999 டிசம்பரில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமும் அமைச்சர் தண்டனைக் காலம் குறிப்பதைக் கண்டித்தது.

கட்சித் தோழர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அமைச்சர் அறியாதவரல்லர், வழக்கறிஞர். பத்து வயதுப் பிள்ளைக்கும் முப்பது வயது முரடனுக்கும் வேறுபாடு தெரியாதவரல்லர். மக்கள் கேட்கிறார்கள் என்று கொடுத்தார். மக்கள் கேட்பதைக் கொடுப்பதுதானே மக்களாட்சி என்று ஒருவன் மேடையிலே கேட்டால் நமக்கே நாக்கு ஒட்டிக்கொள்ளும்! அரிசி கேட்டால் கொடு, பள்ளி கேட்டால் கொடு. இன்னொருவன் முதுகைக் கேட்டால்? அதற்காகத்தான் நீதிமன்றத்தைத் தேர்தல் மேடையிலிருந்து பிரித்து வைத்தார்கள்.

2000ஆம் ஆண்டிலே 'நியூஸ் ஆஃப் தி வேர்ல்டு' என்ற ஏடு, குழந்தைகளைக் கெடுத்தவர்கள் இவர்கள் என்று பெயரும் படமும் போட்டது. போர்ட்ஸ்மத் நகரின் பால்ஸ்குரோவ் பகுதியில் இரவிரவாகக் கலகம். வேல்ஸ் நாட்டிலே ஒரு குழந்தை நல மருத்துவரின் வீட்டில் வசை எழுதி வைத்தார்கள். ஆங்கிலத்தில் அவர் தொழிலின் பெயரும் அந்தக் குற்றத்தின் பெயரும் ஒரே ஓசையில் தொடங்குகின்றனவாம்! குழந்தைகளுக்காகக் கண்ணீர் வடித்த அந்த ஏடு பிறகு என்னவாயிற்று? கொலையுண்ட ஒரு பள்ளிச் சிறுமியின் கைபேசிச் செய்திகளைத் திருட்டுத்தனமாகக் கேட்டது அம்பலமாகி, 2011 ஜூலையில் மூடப்பட்டது.

பொது இடத்தில் தூக்கிலிடுவதை அந்த நாடு 1868இல் நிறுத்தியது. அதற்கு முன் 1849இல், லண்டனில் ஒரு தம்பதியர் தூக்கிலிடப்பட்டதைப் பார்த்த சார்லஸ் டிக்கன்ஸ், குற்றவாளிகளைவிடக் கீழே நின்ற கூட்டத்தின் கும்மாளமே தன்னை நடுங்க வைத்ததென்று 'தி டைம்ஸ்' ஏட்டுக்கு எழுதினார். தூக்கு மேடையை மதிலுக்குள் கொண்டு போனார்கள். கூட்டம் மட்டும் வெளியிலேயே நிற்கிறது. இப்போது அதன் கையில் கைபேசி இருக்கிறது.

ஊரானைச் சொன்னேன், என்னைச் சொல்ல வேண்டாமா? எங்கள் நாடகத்தின் கடைசிக் காட்சியிலே, ஏழைப் பெண்ணைச் சீரழித்துக் கொன்ற பண்ணையாரைத் தூணிலே கட்டி ஊரார் சவுக்கால் அடிப்பார்கள். ஏழு அடி. எழுதியவன் நான். அடிக்கு ஓர் ஆரவாரம். ஏழாவது அடியிலே கொட்டகை பிய்த்துக் கொண்டு போகும். பக்கத் திரையருகே நின்று அந்த ஓசையை எத்தனையோ இரவுகள் பருகியிருக்கிறேன். கூட்ட மேடையிலும் அப்படியே. எந்தச் சொல்லுக்குக் கூட்டம் சீறும், எந்த இடத்தில் நிறுத்தினால் கொதிக்கும் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. பூங்காவின் விதிகளை அறிவிக்கும் அந்த ஆளைத் திரையில் கண்டபோது, அவன் குரல் எனக்குப் பழக்கமானதாகப் பட்டது.

அந்தக் கதையிலே இன்னொன்று என்னை உறுத்திற்று. கொலையுண்ட சிறுமிக்கு அங்கே ஒரு படம் மட்டுமே உண்டு; அதுவும் அவளை ஓட வைப்பதற்கான கருவி. அத்தனை பெரிய பூங்காவில், குழந்தைக்காக அழ ஓர் ஆள் இல்லை! என் நாடகத்தைப் புரட்டிப் பார்த்தேன். செத்த பெண்ணின் தாய் கடைசிக் காட்சியில் மேடையில் நிற்கிறாள். அவளுக்கு ஒரு வரிகூட நான் எழுதவில்லை.

சவுக்கை எடுத்துவிட்டேன். காவலர்கள் பண்ணையாரைக் கொண்டு போகிறார்கள், தாய் நான்கு வரி பேசுகிறாள், திரை விழுகிறது. சென்ற ஞாயிறன்று முதன் முறையாக அப்படி ஆடினோம். கொட்டகையிலே ஒரு கைதட்டல் இல்லை. முன் வரிசையில் ஒரு முதியவர் துண்டால் முகத்தைத் துடைத்துக் கொண்டார், பின்னால் யாரோ, "அடி எங்கேப்பா?" என்று கத்தினான். கணக்கு முடிக்க வந்த கொட்டகைக் குத்தகைக்காரர், "அய்யா, ஜனங்கள் அதற்குத்தானே டிக்கெட் வாங்குகிறார்கள்" என்றார்.

அடுத்த ஆட்டம் வெள்ளிக்கிழமை. சவுக்கு பெட்டியிலேயே இருக்கிறது.