விளக்குக்குச் சுவிட்ச், விசிறிக்கு ரெகுலேட்டர்

“அண்ணே, இவ்வளவு காசு போட்டு பிசி வாங்கிட்டு கேம்பேட்ல ஆடுறீங்களா? அதுக்கு ஒரு கன்சோலே வாங்கியிருக்கலாமே!”

என் மேசையைப் பார்த்ததும் சித்தி மகன் கேட்ட முதல் கேள்வி இதுதான். துப்பாக்கிச் சண்டை கேம்களில் என்னைச் சில நொடிகளில் சாய்த்துவிடுவான். அதனால் அந்தக் கேள்வியில் கேலியோடு கொஞ்சம் இரக்கமும் இருந்தது.

அவன் ஒருவனின் கருத்தல்ல இது. கணினியில் விளையாடுகிறவர்கள் கூடும் இடமெல்லாம் இதைக் கேட்கலாம். கணினி என்றால் கீபோர்டும் மவுஸும்தான், கேம்பேட் குறிபார்க்கத் தெரியாதவர்களின் ஊன்றுகோல் என்பார்கள். எல்லா வகை விளையாட்டுக்கும் நான் வழக்காட வரவில்லை. ஒரு நகரத்தையோ நாட்டையோ முழுதாகத் திறந்துவிட்டு, நடக்கவும் ஓட்டவும் ஏறவும் சண்டையிடவும் விடுகிற ஓபன் வேர்ல்டு ஆக்‌ஷன் கேம்களைப் பற்றி மட்டுமே பேசுகிறேன். அவற்றில் இந்த வாதம் எங்கெங்கே ஓட்டையாகிறது என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. “கீபோர்டும் மவுஸும் கணினியோடு பிறந்தவை, கேம்பேட் இடையில் வந்தது”

ஐபிஎம் தன் முதல் பெர்சனல் கம்ப்யூட்டரை 1981-இல் வெளியிட்டபோது அதனுடன் மவுஸ் கிடையாது. ஆனால் ஜாய்ஸ்டிக் பொருத்துவதற்கான தனி அட்டை அப்போதே விற்பனைக்கு இருந்தது. மைக்ரோசாஃப்ட்டின் முதல் மவுஸ் வந்தது 1983-இல். யார் முதலில் வந்தவர் என்று பார்த்தால், நகர வேண்டியது மவுஸ்தான்.

கேம்களின் பிறப்பும் அப்படியே. ‘ஜிடிஏ 5’ 2013-இல் கன்சோல்களில் வந்தது. கணினிக்கு வர 2015 ஆயிற்று. ‘ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2’ கன்சோலில் 2018, கணினியில் 2019. ‘மார்வெல்ஸ் ஸ்பைடர்மேன்’ 2018-இல் பிளேஸ்டேஷனில் வந்து, 2022-இல் கணினிக்கு வந்தது. ‘கோஸ்ட் ஆஃப் சுஷிமா’ 2020-இல் பிளேஸ்டேஷனில் வந்தது, கணினிக்கு 2024. இவற்றின் ஓட்டமும் தாவலும் வெட்டும் கேம்பேடைக் கையில் பிடித்துப் பிடித்துச் செதுக்கப்பட்டவை. 2012-இல் கணினிக்கு வந்த ‘டார்க் சோல்ஸ்’ இன்னும் வெளிப்படை. நீங்கள் கீபோர்டில் ஆடினாலும் திரையில் எக்ஸ்பாக்ஸ் பட்டன்களின் படம்தான் தெரியும். இந்த வகைக் கேம்களில் கேம்பேட் மூலம், கீபோர்டு மொழிபெயர்ப்பு. மொழிபெயர்ப்பு நன்றாகவும் இருக்கலாம். அதற்காக மூலத்தைப் படிக்கிறவனைப் பார்த்துச் சிரிக்க வேண்டியதில்லை.

2. “மவுஸில்தான் துல்லியம்”

பாதி உண்மை என்பதால்தான் இந்த வாதம் இத்தனை காலம் நிற்கிறது. ஒரு புள்ளியைக் குறிவைத்துச் சட்டென்று சுட மவுஸை மிஞ்ச எதுவும் இல்லை. ‘கவுன்டர் ஸ்ட்ரைக்’ ஆடுகிறவரிடம் கேம்பேடை நீட்டுகிற தைரியம் எனக்கில்லை. ‘ஃபார் க்ரை’ போல கதாபாத்திரத்தின் கண் வழியாகவே பார்த்துச் சுடுகிற ஓபன் வேர்ல்டு கேம்களிலும் மவுஸ் பக்கம் நியாயம் இருக்கிறது.

ஆனால் துல்லியம் என்பது குறிபார்ப்பதில் மட்டுமா இருக்கிறது? ‘ரெட் டெட்’ கேமில் ஒரு மாலை முழுக்க என்ன செய்கிறோம்? குதிரையில் போகிறோம், முகாமுக்குள் மெதுவாக நடக்கிறோம், மானின் பின்னால் பதுங்குகிறோம். சுடுவது அவ்வப்போதுதான். மிச்ச நேரமெல்லாம் நகர்வு. நகர்வில் மவுஸுக்கு வேலை பார்வையைத் திருப்புவது மட்டும். உடம்பை நகர்த்துவது W, A, S, D என்ற நான்கு விசைகள்.

வீட்டுச் சுவரைப் பாருங்கள். விளக்குக்குச் சுவிட்ச் இருக்கிறது, விசிறிக்கு ரெகுலேட்டர் இருக்கிறது. விளக்கிடம் நாம் கேட்பது ‘எரிகிறாயா, இல்லையா’ என்பது மட்டுமே. விசிறியிடம் ‘எவ்வளவு’ என்றும் கேட்கிறோம். சாதாரண கீபோர்டு விசை ஒரு சுவிட்ச்: அழுத்தியிருக்கிறது அல்லது அழுத்தவில்லை. நான்கு விசைகளைச் சேர்த்தாலும் எட்டுத் திசைகள்தான் கிடைக்கும். எட்டுக்கும் ஒரே வேகம். நடக்க வேண்டுமென்றால் அதற்கு இன்னொரு விசை, பாய வேண்டுமென்றால் வேறொன்று.

கேம்பேடின் ஸ்டிக் ரெகுலேட்டர். விண்டோஸில் கேம்பேடைப் படிக்கும் எக்ஸ்இன்புட் முறை, ஸ்டிக்கின் ஒவ்வோர் அச்சையும் -32768 முதல் 32767 வரையான எண்ணாகக் கேமுக்குத் தருகிறது. விரலால் இழுக்கும் டிரிகருக்கு 0 முதல் 255 வரை. அத்தனை படிகளையும் எந்தக் கட்டைவிரலும் உணராது. ஆனால் லேசாகச் சாய்த்தால் நடை, இன்னும் சாய்த்தால் வேகநடை, முழுக்கச் சாய்த்தால் ஓட்டம் என்பதை யாரும் சொல்லாமலே விரல் கற்றுக்கொள்கிறது. வண்டி ஓட்டும்போது இது இன்னும் தெளிவு. வளைவில் டிரிகரைப் பாதி விட்டுப் பிடித்தால் கார் சாலையோடு ஒட்டிப் போகும். கீபோர்டில் அதே வளைவுக்கு W-வைத் தட்டித் தட்டி எடுக்கிறோம். ‘எவ்வளவு’ என்று கேட்கும் கேமுக்கு ‘ஆமாம், இல்லை, ஆமாம், இல்லை’ என்று பதில் சொல்கிறோம்.

இந்த வேதனை நம்மூர்க்காரர்களுக்குப் புதிதல்ல. பிரவுசிங் சென்டரிலும் நண்பன் வீட்டுக் கணினியிலும் ‘ஜிடிஏ: வைஸ் சிட்டி’ ஆடிய தலைமுறையிடம் ‘டெமாலிஷன் மேன்’ என்று சொல்லிப் பாருங்கள். பொம்மை ஹெலிகாப்டரைக் கட்டடத்துக்குள் ஓட்டி நான்கு குண்டுகளை வைக்கிற மிஷன் அது. நேரமும் ஓடிக்கொண்டே இருக்கும். ஒரு கை எழுத்து விசைகளில், மறு கை எண் விசைகளில். ஹெலிகாப்டர் சுவரில் முட்டிக்கொண்டே இருக்கும். பலருக்குக் கதை அங்கேயே நின்றது. கைத்திறமை இல்லை என்று நம்மை நாமே நொந்துகொண்டோம். லேசாகச் சாய்க்க வேண்டிய ஒன்றை முழு அழுத்தத்தில் ஓட்டிக்கொண்டிருந்தோம் என்பது அப்போது தெரியவில்லை.

3. “கேம்பேடில் கேமே குறிபார்த்துக் கொடுக்கிறது, அது ஏமாற்று”

எய்ம் அசிஸ்ட் பற்றிய குற்றச்சாட்டு இது. இணையத்தில் ஆளும் ஆளும் மோதும் போட்டிகளில் இந்த விவாதத்துக்கு இடமுண்டு. ஒருவர் மவுஸால் தானே குறிபார்க்க, எதிராளிக்கு மென்பொருள் கைகொடுத்தால் கேள்வி எழத்தான் செய்யும்.

தனியாக ஆடும் கதையில் யாரை ஏமாற்றுகிறோம்? அங்கே எதிரிகள் எல்லாரும் கணினி இயக்கும் பாத்திரங்கள். வேண்டாம் என்றால் பல கேம்களில் அமைப்புப் பட்டியலுக்குள் போய் அதை அணைத்துவிடலாம். வாள்சண்டைக் கேம்களில் ஓர் எதிரியின் மேல் பார்வையைப் பூட்டி வைக்கிற வசதி, கீபோர்டில் ஆடுகிறவர்களுக்கும் சேர்த்துத்தான் இருக்கிறது. அதை ஏமாற்று என்று யாரும் சொல்வதில்லை.

உதவியே வேண்டாம், குறியும் வேண்டும் என்பவர்களுக்கு ஜைரோ இருக்கிறது. டூயல்ஷாக் 4, டூயல்சென்ஸ், ஸ்விட்ச் ப்ரோ ஆகிய கேம்பேடுகளுக்குள் அசைவை உணரும் சென்சார் உண்டு. ஸ்டிக்கால் பார்வையைத் திருப்பிவிட்டு, கையைச் சற்றே அசைத்துக் குறியைச் சரிசெய்யலாம். ஸ்டீம் மென்பொருள் வழியாகக் கணினியில் இதை அமைத்துக்கொள்ளலாம். எக்ஸ்பாக்ஸ் கேம்பேடுகளில் இந்த சென்சார் இல்லை. வாங்குமுன் கவனிக்க வேண்டியது இது.

4. “நூறு விசை எங்கே, பதினாறு பட்டன் எங்கே?”

எண்ணிக்கை சரிதான். ஆனால் நூறு விசைகளில் இடது கை நகராமல் எட்டுவது எத்தனை? ஆர்மோனியத்தில் எத்தனை கட்டை இருந்தாலும் விரல் பத்துதான்.

பட்டன் குறைவாக இருந்ததால்தான் சில நல்ல யோசனைகள் பிறந்தன. 2007-இல் வந்த முதல் ‘அசாசின்ஸ் கிரீட்’ நான்கு பட்டன்களை உடம்பின் நான்கு பாகங்களாகப் பிரித்தது. மேல் பட்டன் தலை, கீழ்ப் பட்டன் கால், பக்கத்து இரண்டும் ஆயுதக் கையும் வெறுங்கையும். டிரிகரை அழுத்திப் பிடித்தால் அதே பட்டன்கள் வேகமான, துணிச்சலான செயல்களைச் செய்யும். ‘ஜிடிஏ 5’ ஒரு பட்டனை அழுத்திப் பிடித்தால் ஆயுதங்களை வட்டமாகக் காட்டி, ஸ்டிக்கைச் சாய்த்துத் தேர்வு செய்ய விடுகிறது.

உண்மையான குறை வேறொரு இடத்தில் இருக்கிறது. அதை எதிர்த்தரப்பு சொல்வதே இல்லை. வலது கட்டைவிரல் ஒன்றுதான். பார்வையைத் திருப்பும் ஸ்டிக்கும் அதற்கே, நான்கு பட்டன்களும் அதற்கே. இதைத் தாண்டத்தான் ‘எல்டன் ரிங்’ வாள்வீச்சை ஆள்காட்டி விரல் தொடும் தோள்பட்டன்களில் வைத்தது. கட்டைவிரல் பார்வையை விடாமல் பிடித்துக்கொள்ளலாம். பை நிறையப் பொருள்களை அடுக்குவதிலும் பெரிய வரைபடத்தில் இடம் தேடுவதிலும் மவுஸ் மேல் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அந்த நேரத்தில் கையை நீட்டி மவுஸைத் தொட வேண்டியதுதான். அது பக்கத்தில்தானே இருக்கிறது!

5. “கேம்பேடைப் பொருத்தினால் தலைவலி”

ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. பழைய டைரக்ட்இன்புட் முறையில் கம்பெனிக்கு ஒரு பட்டன் வரிசை. ஒவ்வொரு கேமுக்கும் நாமே ஒவ்வொன்றாகச் சொல்லித்தர வேண்டும். 2005-இல் எக்ஸ்பாக்ஸ் 360 வந்தபோது மைக்ரோசாஃப்ட் எக்ஸ்இன்புட்டைக் கொண்டுவந்து, எல்லாக் கேம்களுக்கும் ஒரே பட்டன் வரிசையை வகுத்தது. 2016 கடைசியில் ஸ்டீம் பிளேஸ்டேஷன் 4 கேம்பேடையும் ஏற்றுக்கொண்டது.

இன்று வரும் தொல்லைகளில் பலவற்றுக்கு மருந்து இரண்டு நிமிடத்தில் கிடைக்கும். நானும் பட்டவன்தான். பெயர் தெரியாத கம்பெனியின் மலிவான கேம்பேடு ஒன்றை வாங்கி வந்தேன். எந்தக் கேமிலும் பட்டன்கள் மாறி மாறி வேலை செய்தன. பார்வை தானாகச் சுழன்றது. இரண்டு நாள் கழித்துத்தான் பின்பக்கத்தில் X, D என்று ஒரு சின்ன மாற்றுவிசை இருப்பதைப் பார்த்தேன். அது D-யில், அதாவது பழைய டைரக்ட்இன்புட்டில் இருந்தது. X-க்குத் தள்ளியதும் அடங்கியது.

ஒருமுறை அழுத்தினால் இருமுறை அழுத்தியதுபோல் நடந்தால், ஸ்டீமும் கேமும் தனித்தனியே கேம்பேடைப் படிக்கின்றனவா என்று பாருங்கள், ஒன்றை அணையுங்கள். கையை எடுத்த பின்னும் நாயகன் நகர்ந்தால், ஸ்டிக்கின் நடுவில் அசைவைக் கணக்கில் எடுக்காத பகுதியான டெட் சோனைக் கொஞ்சம் கூட்டுங்கள். மாறாக, ஸ்டிக் மந்தமாகத் தோன்றினால் குறையுங்கள். மைக்ரோசாஃப்ட் இடது ஸ்டிக்குக்குப் பரிந்துரைத்த அளவு 7849. மொத்த வீச்சில் கிட்டத்தட்ட கால் பங்கு அது. நல்ல நிலையில் உள்ள ஸ்டிக்குக்கு அவ்வளவு தேவைப்படாது. “கேம்பேட் மொக்கை” என்று தூக்கிப் போடுகிறவர்கள் பலர் இந்த ஓர் அளவை மாற்றிப் பார்க்காதவர்கள்.

தேய்மானம் உண்மையான குறை. பெரும்பாலான ஸ்டிக்குகளில் உராயும் பாகம் நாளடைவில் தேய்ந்து, தானாக நகரும் நோய் வருகிறது. காந்தப்புலத்தை அளக்கும் ஹால் எஃபெக்ட் ஸ்டிக்குகளில் அந்த உராய்வு இல்லை. 1998-இல் ஜப்பானில் வந்த செகா ட்ரீம்காஸ்ட் கேம்பேடிலேயே இந்த நுட்பம் இருந்தது. இன்று நடுத்தர விலைக் கேம்பேடுகளிலும் கிடைக்கிறது.

6. “அது சின்னப் பிள்ளைகளின் பொம்மை”

இதில் மறுக்க வாதமே இல்லை, வெறும் தோரணைதான். எட்டு மணி நேரம் அலுவலகத்தில் கீபோர்டின் மேல் குனிந்துவிட்டு வந்தவர், மாலையில் சாய்ந்து உட்கார்ந்து மடியில் கை வைத்து ஆட விரும்பினால் அது சிறுபிள்ளைத்தனமா? மேசைமேல் இரு கைகளையும் விரித்து வைக்க முடியாதவர்களும் விளையாடுகிறார்கள். அவர்களை எண்ணித்தான் மைக்ரோசாஃப்ட் 2018-இல் எக்ஸ்பாக்ஸ் அடாப்டிவ் கன்ட்ரோலரை வெளியிட்டது. பெரிய பட்டன்களையும் கால்மிதிகளையும் அதில் செருகலாம். விண்டோஸ் கணினியிலும் அது வேலை செய்யும்.

கடைசியாக என் தீர்ப்பு. ஓபன் வேர்ல்டு ஆக்‌ஷன் கேம்களில் நகர்வுக்கும் வண்டிக்கும் வாளுக்கும் கேம்பேடே பொருத்தமான கருவி. துப்பாக்கிக்கும் பட்டியலுக்கும் மவுஸ். இரண்டையும் ஒரே மேசையில் வைத்துத் தாராளமாக ஆடக் கணினியே வசதி. ‘ஜிடிஏ 5’ கணினிப் பதிப்பில் காரைக் கேம்பேடில் ஓட்டிவந்து நிறுத்தி, இறங்கியதும் மவுஸைத் தொட்டால் போதும். எந்தப் பட்டியலுக்குள்ளும் போகாமல் கேம் அந்த நொடியிலேயே மாறிக்கொள்ளும். “அதுக்கு ஒரு கன்சோலே வாங்கியிருக்கலாமே” என்ற தம்பியின் கேள்விக்கும் பதில் இதுதான்.

ஒரு வாரம் ஆடிப் பாருங்கள். முதல் இரண்டு நாள் பார்வை தடுமாறும், அதற்குள் கைவிடாதீர்கள். அதன் பிறகும் கீபோர்டுதான் பிடிக்கிறது என்றால் தாராளமாகத் திரும்பிப் போங்கள். ‘எனக்கு இதுதான் வசதி’ என்று சொல்லுங்கள், ஒப்புக்கொள்கிறேன். ‘இதுதான் சரி’ என்று மட்டும் சொல்லாதீர்கள்.