ஐந்து தலைமுறை கண்ட மாட்டுச் சந்தை



மாடு என்ற சொல்லுக்குத் தமிழில் செல்வம் என்றும் ஒரு பொருள் உண்டு. தோட்டத்தில் மாடு வளர்த்த குடும்பங்களுக்கு இதை அகராதி பார்த்துச் சொல்ல வேண்டியதில்லை. சம்பளம் வாங்கிய கையோடு மளிகைக் கடைக் கணக்குக்குப் போய்விடும். பால் விற்ற காசில்தான் பிள்ளைக்குச் சப்பாத்தும் புத்தகப் பையும் வரும். அப்படி மாட்டை நம்பியே தழைத்த ஒரு குடும்பத்தின் கதையை இம்மாதம் சொல்லப் போகிறேன். குடும்பம் இருப்பது வெகு தொலைவில், அமெரிக்காவில். ஆனால் அவர்கள் கதையில் நம் வீட்டுக்கு எடுத்துக்கொள்ள வேண்டியது நிறைய இருக்கிறது.

அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் நியூ ஜெர்ஸி என்று ஒரு மாநிலம். அங்கே பிலடெல்பியா நகரத்திலிருந்து ஏறக்குறைய 30 மைல் தூரத்தில் 'கௌடவுன்' என்னும் இடம் இருக்கிறது. 'மாட்டூர்' என்று நாம் தமிழாக்கிக் கொள்ளலாம். சாலை ஓரத்தில் ஆளுயரத்துக்குப் பல மடங்கு உயர்ந்த ஒரு கௌபாய் சிலை நிற்கும். கௌபாய் என்றால் குதிரை மேலிருந்து மாடு மேய்ப்பவன். சினிமாவில் துப்பாக்கியோடு பார்த்திருப்பீர்கள். உண்மையில் அவன் கூலிக்கு மாடு மேய்த்த தொழிலாளி.

இந்த இடத்தை நடத்தி வருவது ஹாரிஸ் குடும்பம். ஹோவார்ட் ஹாரிஸ் என்பவரும் அதே பெயர் கொண்ட அவர் மகனும் சேர்ந்து 1926-ஆம் ஆண்டில் வுட்ஸ்டவுன் என்ற சிற்றூரில் மாட்டு ஏலம் தொடங்கினார்கள். சுற்று வட்டார விவசாயிகள் ஆடு, மாடு, பன்றி என்று கொண்டு வந்து விற்பார்கள். 1929-இல் அந்த வட்டாரத்துக் கண்காட்சியின்போது தந்தையும் மகனும் ரோடியோ ஒன்றையும் நடத்திக் காட்டினார்கள்.

ரோடியோ என்றால் என்ன என்று கேட்கிறீர்களா? சுற்றி வளைப்பது என்று பொருள்படும் ஸ்பானிய மொழிச் சொல்லிலிருந்து வந்தது அது. பரந்த வெளியில் மேயும் மாடுகளை வளைத்துப் பிடிப்பது, கன்றுக்குக் கயிறு வீசுவது, பழகாத குதிரையை அடக்குவது எல்லாம் கௌபாய்களின் அன்றாட வேலை. அதையே போட்டியாக்கினால் ரோடியோ. பால் மரம் சீவும் வேலையைப் போட்டியாக வைத்தால் நம் ஆட்கள் எப்படி ஜமாய்ப்பார்களோ, அப்படித்தான்.

போட்டிகளில் முரட்டுக் காளைச் சவாரிக்குத்தான் கூட்டம் நெரியும். காளை ஆயிரத்து ஐந்நூறு ராத்தலுக்கு மேலும் கனக்கும். அதன் முதுகில் ஏறி, கயிற்றை ஒரே கையால் பிடித்துக்கொண்டு 8 விநாடி உட்கார்ந்திருக்க வேண்டும். மற்றக் கை மாட்டின் மீது பட்டாலே ஆட்டம் போயிற்று. மொத்தம் 100 புள்ளிகள். அதில் பாதி வீரனுக்கு, மறுபாதி மாட்டுக்கு! மாடு நன்றாகத் துள்ளாவிட்டால் வீரனுக்கும் புள்ளி குறையும். விழுந்தவனை மாடு குத்த வந்தால் இடையில் புகுந்து அதன் கவனத்தைத் திருப்பவென்றே தனியாக ஆட்கள் நிற்பார்கள். பெண்களுக்கு மூன்று பீப்பாய்களைச் சுற்றிக் குதிரையை விரட்டும் போட்டி உண்டு.

இதில் நீங்கள் அறிய வேண்டிய ஒன்று இருக்கிறது. வீரனுக்குச் சம்பளம் கிடையாது. அவனே நுழைவுக் கட்டணம் கட்டித்தான் களத்தில் இறங்க வேண்டும். வென்றால் பரிசு, தோற்றால் கட்டிய பணமும் போச்சு. முன்பெல்லாம் கட்டணம் எங்கே போகிறது என்றே கேள்வி இல்லை. 1936-ஆம் ஆண்டு பாஸ்டன் நகரில் நடந்த ரோடியோவில் 61 கௌபாய்கள் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு வேலை நிறுத்தம் செய்தார்கள். "நாங்கள் கட்டும் கட்டணத்தைப் பரிசுப் பணத்தோடு சேர்க்க வேண்டும்" என்பது அவர்கள் கோரிக்கை. நடத்தியவர் இறுதியில் இணங்கினார். அவர்கள் தங்கள் சங்கத்துக்கு ஆமைகள் என்று பெயர் வைத்தார்கள். ஒன்றுகூட வெகு காலம் பிடித்தது. ஆனாலும் ஒரு வழியாகத் தலையை வெளியே நீட்டிவிட்டோம் என்று அதற்குக் காரணம் சொன்னார்கள். அந்தச் சங்கத்தின் வழி வந்த அமைப்புதான் இன்றும் ரோடியோக்களுக்கு விதி வகுக்கிறது. கௌடவுன் ரோடியோவும் அதன் விதிகளுக்கு உட்பட்டதே. சங்கத்தின் அருமை தெரிந்த நமக்கு இதை விரித்துச் சொல்ல வேண்டுமா?

மீண்டும் ஹாரிஸ் குடும்பத்துக்கு வருவோம். ஆண்டுக்கொரு முறை நடந்துவந்த ரோடியோ, 1930-களின் இறுதியில் நின்றுபோனது. ஆனால் ஏலம் நிற்கவில்லை. 1940-இல் அது இப்போதைய கௌடவுன் இடத்துக்கு மாறியது. இதற்குள் மூன்றாம் தலைமுறையும் தலையெடுத்தது. அவர் பெயரும் ஹோவார்ட் ஹாரிஸ்தான். நாட்டின் மறுகோடியில் இருக்கும் ஐடஹோ பல்கலைக்கழகத்துக்குப் படிக்கப் போனவர், 1954-இல் கல்லூரி மாணவர்களுக்கான ரோடியோவில் தேசிய அளவில் முதல்வராக வந்தார்.

படித்த பிள்ளை, பட்டம் பெற்ற வீரன். எங்கேயோ போயிருக்கலாம் அல்லவா? அவர் ஊர் திரும்பினார். திரும்பியவர் பழைய வேலையைப் பழையபடியே செய்துகொண்டு உட்கார்ந்துவிடவில்லை. 1955-இல் ரோடியோவை மறுபடியும் எழுப்பி, கோடைக் காலத்தில் வாரந்தோறும் சனிக்கிழமை இரவில் நடத்தத் தொடங்கினார். அமெரிக்காவில் வாரந்தோறும் நடக்கும் ரோடியோக்களில் இதுவே மிகப் பழையது என்ற பெயர் இன்றும் கௌடவுனுக்கு உண்டு. 1978-இல் அவருடைய மகன் கிராண்ட் ஹாரிஸ் பொறுப்பேற்றார். அவரும் மனைவியும் பல்லாண்டு நடத்தினார்கள். பின்னர் அவர்களுடைய மகளும் மருமகனும் ஏற்றுக்கொண்டார்கள். நான்கு தலைமுறையாக ஆண் பிள்ளைகள் கையில் இருந்த சாவி ஐந்தாவதில் பெண் பிள்ளையிடம் வந்தது. யாருக்கும் வானம் இடிந்து விழவில்லை.

வெளியிலிருந்து பார்ப்பவருக்குச் சனிக்கிழமை இரவும் விளக்கொளியும் கைதட்டலும்தான் தெரியும். துள்ளும் காளைகளையும் குதிரைகளையும் இக்குடும்பமே வளர்க்கிறது. தீனி போட வேண்டும், வேலி பார்க்க வேண்டும், குளம்பு பார்க்க வேண்டும். மாட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை, தீபாவளி எல்லாம் தெரியுமா? காட்சி 8 விநாடி. அதற்கான உழைப்பு வாரம் ஏழு நாளும்.

ரோடியோவைக் கண்டிப்பவர்களும் இருக்கிறார்கள். மாட்டின் பின்னிடுப்பில் பட்டை கட்டித் துள்ள வைப்பதும், ஓடும் கன்றைக் கயிறு வீசிச் சாய்ப்பதும் வதை என்று விலங்கு நல அமைப்பினர் வாதாடுகிறார்கள். துள்ளுவது பிறவிக் குணம், மிருக மருத்துவர் உடனிருக்கிறார், விதிகள் உண்டு என்று நடத்துகிறவர்கள் பதில் சொல்கிறார்கள். என்னைக் கேட்டால், கன்றைக் கயிற்றால் சாய்க்கும் போட்டி எனக்கு ஒப்பவில்லை. கேள்வி கேட்பவர் இருந்தால்தான் மாட்டைப் பேணுகிறவர் கவனமாக இருப்பார் என்றும் நினைக்கிறேன்.

இப்போது நம் வீட்டுக்கு வருவோம். "அவர்களுக்கு நிலம் இருந்தது, விட்டுச் சென்றார்கள். நமக்கு என்ன இருக்கிறது? லயத்து வீடுகூடத் தோட்டத்துக்குத்தானே சொந்தம்?" என்று பெற்றோர்கள் கேட்பதுண்டு. அந்தக் கேள்வியின் வேதனை எனக்குப் புரியும். மாட்டுக் கொட்டகையைப் பிரித்துவிட்டு, மூட்டை முடிச்சோடு டவுன் ஓரத்து வீடுகளுக்குக் குடிபோன குடும்பங்கள் எத்தனை!

நிலம் பெரிய பலம்தான். இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் நிலம் இருந்தும் இரண்டாம் தலைமுறையிலேயே விற்றுத் தீர்த்த குடும்பங்களும் உலகத்தில் ஏராளம். ஹாரிஸ் குடும்பத்தில் தொழில் கைமாறும்போது அதைக் கையேற்றவர் தொழில் தெரிந்தவராக இருந்தார். படிக்கப் போன மகன் புது யோசனையோடு வந்தபோது வீட்டில் அதற்கு இடம் இருந்தது. மகளுக்கும் பங்கு இருந்தது. இந்த மூன்றுக்கும் நிலப்பட்டா தேவையில்லை.

உங்கள் வீட்டில் தையல் தெரிந்த தாய் இருக்கலாம். கோழி வளர்க்கும் பாட்டி இருக்கலாம். பலகாரம் சுட்டு விற்கும் அக்காள், மோட்டார் சைக்கிள் பழுது பார்க்கும் அண்ணன் இருக்கலாம். "நீ படி, இதெல்லாம் உனக்கு எதற்கு?" என்று பிள்ளையை விரட்டாதீர்கள். படிக்கட்டும், கட்டாயம் படிக்கட்டும். விடுமுறையில் பக்கத்தில் உட்கார வைத்து வேலையையும் காட்டுங்கள். எவ்வளவு முதல் போட்டோம், எவ்வளவு கையில் நின்றது என்று கணக்கு நோட்டைத் திறந்து காட்டுங்கள். பள்ளியில் நாங்கள் சொல்லித்தரும் கூட்டலும் கழித்தலும் அப்போதுதான் பிள்ளைக்கு உயிர் பெறும்.

நாளைக்கு அதே பிள்ளை, "அம்மா, இதை இப்படிச் செய்து பார்ப்போமா?" என்று கேட்டால் சட்டென்று வாயை அடைத்துவிடாதீர்கள். மகள் கேட்டாலும் அப்படியே. ஒரு முறை செய்து பார்க்க விடுங்கள்.